கீழ்த்தாடை, இடது பக்கம்

குமாஸ்தா கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு மூன்றாவது முறையாக எண்ணினார். சந்தேகமே இல்லை. வலிக்கிற பல் வலது பக்கம் பத்திரமாக இருந்தது. வலிக்காத பல்தான் இடது பக்கம் காணாமல் போயிருந்தது.

"என்னங்க, பல்லு விளக்க இவ்வளவு நேரமா?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நல்ல பல்லைப் பிடுங்கிட்டாண்டி!"

"யாரு?"

"டாக்டர்தான். வேற யாரு வந்து பிடுங்குவா?"

மனைவி டார்ச் லைட்டைக் கொண்டுவந்து அடித்துப் பார்த்தாள். "ஆமாங்க, கடைசியில ஒரு குழி தெரியுது. வலது பக்கம்னு நீங்க சொல்லலையா?"

சொல்லத்தான் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்ததுமே விரலை நீட்டி வலது கன்னத்தைக் காட்டினார். டாக்டர் கன்னத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். "எல்லாம் இதுல இருக்கு சார், வாயைத் திறங்க" என்றார். ஊசி போட்ட பிறகு "இந்தப் பக்கம் இல்ல" என்று இவர் கத்தியது "ங்ஙொ ங்ஙொ" என்றுதான் வெளியே வந்தது. "வலிக்காது, வலிக்காது" என்று தோளில் தட்டிக் கொடுத்து டாக்டர் காரியத்தை முடித்துவிட்டார்.

"அங்க எப்பவும் கூட்டம் அள்ளுமே. நேத்து நீங்க அரை மணி நேரத்துல திரும்பினப்பவே நினைச்சேன், அவசர அவசரமாப் பார்த்திருக்காங்கன்னு" என்றாள் மனைவி.

"அது என் சாமர்த்தியம். நாள் பூரா வரிசையை மேய்க்கிறவனுக்கு அதுகூடத் தெரியாதா?"

பார்சல் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இருநூறு தடவை "வரிசையில வாங்க" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஐம்பத்தோரு வயதில் அவர் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்று அந்த வரிசை. இன்னொன்று முப்பத்திரண்டு பல். இப்போது அது முப்பத்தொன்றாகிவிட்டது. காசு பணம் எதுவும் அவருக்கு வேண்டாம். 'தப்பு எங்கள் மேல்தான்' என்று டாக்டர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், அவ்வளவுதான். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவதாகவே முடிவு செய்துவிட்டார்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். அவருடைய இடது கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. தலையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி, வாயின் ஓரத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருந்தார். கிளினிக்கின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கிளினிக்கா? ஃபீஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், உட்காருங்க. நமக்கு மூணு வழி இருக்கு. நோட்டீஸ் விட்டு நேர்ல பேசித் தீர்க்கலாம். பல் மருத்துவக் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்."

"எதுல சீக்கிரம் முடியும்?"

"எல்லாத்துலயும் வரிசைதான் சார்."

குமாஸ்தாவின் முகம் சுருங்கியது.

"டாக்டர் கவனமா இருந்திருக்கணும், இருக்கல, அதனாலதான் உங்களுக்கு நஷ்டம். இதை நாம காட்டணும். ரசீது இருக்கா?"

"காசை மேசையில வெச்சிட்டு வந்துட்டேன். ரசீதுக்குத் தனியா ஒரு வரிசை நின்னுச்சு."

"பிடுங்கின பல்லு?"

"பஞ்சுல சுத்திக் கொடுத்தாங்க. கோவத்துல வழியிலயே வீசிட்டேன்."

வக்கீல் கிராம்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார். "அப்ப மிச்சமிருக்கிற ஒரே சாட்சி உங்க வலிக்கிற பல்லுதான். அது இன்னும் வலிச்சாத்தான், வேற பல்லைப் பிடுங்கிட்டாங்கன்னு நிரூபிக்க முடியும். யாரையும் அதுல கை வைக்க விடாதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"கேஸ் முடியற வரைக்கும்."

"உயிர் போகுதே சார்!"

"எனக்கு மட்டும்?" வக்கீல் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "நானும் என் சாட்சியைக் காப்பாத்திக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். அது வேற கேஸ். முதல்ல உங்களுதைப் பார்ப்போம்."

இவ்வளவு அக்கறையான வக்கீல் கிடைத்ததில் குமாஸ்தாவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

பிடுங்கின பல் நல்ல பல்தான் என்று இன்னொரு டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார் வக்கீல். அந்த இன்னொரு பல் டாக்டர் குழியைப் பார்த்ததும் சொக்கிப்போனார்.

"அடடா! எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கார்! யாரு சார் டாக்டர்?"

"அவர் மேலதான் கேஸ் போடறேன். அது நல்ல பல்லுன்னு எழுதிக் கொடுங்க."

"இருக்கிற பல்லைப் பத்திக் கேளுங்க, எழுதறேன். இல்லாத பல்லைப் பத்தி நான் என்னன்னு எழுத? அது சரி, வலது பக்கம் ஒண்ணு ரொம்ப மோசமா இருக்கே. இப்பவே சரி பண்ணிடலாம், வாயைத் திறங்க."

"ஐயோ, அது சாட்சி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு குமாஸ்தா வெளியே ஓடிவந்தார். வந்த வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டது வலது கன்னம்தான்.

அதற்கப்புறம் ரொட்டியைப் பாலில் நனைத்து விழுங்குவதுதான் சாப்பாடு என்று ஆனது. அலுவலகத்தில் வாயைத் திறந்து "வரிசையில வாங்க" என்று சொல்ல முடியவில்லை. ஓர் அட்டையில் எழுதி மாட்டினார். யார் படித்தார்கள்? ஒரு நாள் ஓர் ஆள் பெரிய பெட்டியோடு எல்லாரையும் தாண்டி நேராகக் கவுண்டருக்கு வந்துவிட்டார். குமாஸ்தா வலியை மறந்து எழுந்து நின்றார்.

"அடுத்தவங்க முறையில நுழையறியே, வெக்கமா இல்ல? அதுவும் ஒரு திருட்டுதான்யா!"

வரிசை முழுவதும் கை தட்டியது. குமாஸ்தா மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு உட்கார்ந்தார்.

வக்கீல் அனுப்பியிருந்த நோட்டீஸுக்குப் பத்தாம் நாள் கிளினிக்கிலிருந்து பதில் வந்தது. வக்கீல் அதைச் சத்தமாகப் படித்தார். "'தாங்கள் அன்று டோக்கன் பெற்றது உண்மை. டோக்கன் எண் இருபத்து மூன்றை மூன்று முறை அழைத்தும் தாங்கள் வரவில்லை. வராத ஒருவரின் பல்லை எங்களால் பிடுங்க இயலாது.'"

"நான் வரவே இல்லையா? பின்ன என் பல்லு தானா நடந்து போச்சா?"

வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாட்டிக்கிட்டாங்க! தப்பு பண்ணினதைக்கூட மன்னிச்சுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆவணத்துல பொய் எழுதினா தப்பிக்கவே முடியாது. கிளம்புங்க, நேர்லயே போய்க் கேட்போம். உங்க வேலை முடிஞ்ச கையோட எனக்கும் அங்க ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கு."

மறுநாள் காலையில் குமாஸ்தா, மனைவி, வக்கீல் மூவரும் டாக்டரின் அறையில் உட்கார்ந்தார்கள். டாக்டர் சண்டை போடுவார் என்று குமாஸ்தா நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து வந்திருந்தார். டாக்டரோ குழியைப் பார்த்தார், முகம் வெளுத்தது, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"தையல் என்னோடதுதான், பார்த்தாலே தெரியுது. ஃபைல்ல இருந்ததை மட்டும் பார்த்தேன், உங்களைப் பார்க்கல. ரொம்பத் தப்பு. நீங்க கேட்ட மாதிரியே எழுதித் தர்றேன். அந்த வலது பக்கப் பல்லையும் இன்னிக்கே இலவசமாச் சரி பண்ணிடறேன்."

அவர் நிஜமாகவே வருந்துகிறார் என்பது தெரிந்தது. லெட்டர்ஹெட் தாளில் 'தப்பு எங்கள் மேல்தான்' என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் குமாஸ்தா.

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். "வாங்கிட்டுக் கிளம்பலாங்க."

"நீ சும்மா இரு. என்னை வரவே இல்லைன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு வழி என்ன? அன்னிக்கு டோக்கன் கூப்பிட்ட அம்மா எங்க? நான் உள்ள வந்ததை அவங்க ரெண்டு கண்ணால பார்த்தாங்க. அவங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

"சரியான பாயிண்ட்" என்றார் வக்கீல், வீங்கிய கன்னத்தைத் தாங்கியபடி.

"அவங்க மறுநாள்லேர்ந்து லீவு. இன்னிக்குத்தான் வந்திருக்காங்க" என்று டாக்டர் மணியை அடித்தார்.

டோக்கன் அம்மா பதிவேட்டை அணைத்துக்கொண்டு வந்தார். நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி குமாஸ்தாவைப் பார்த்தார்.

"இவர் அன்னிக்கு வந்தாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"வந்தாரே. நல்லா ஞாபகம் இருக்கு."

குமாஸ்தா மேசையை ஓங்கித் தட்டினார். "கேட்டுக்குங்க டாக்டர்! வக்கீல் சார், எழுதிக்குங்க!"

வக்கீல் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அந்த அம்மா கைக்குட்டைக்குக் கீழே இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அட, நீங்களா சார்? அன்னிக்கு போன் பேச வெளியில போயிட்டு வந்து, 'என் பதினேழாம் நம்பர் எப்படி முடிஞ்சுது'ன்னு என்கிட்ட அப்படிச் சண்டை போட்டீங்களே!"

வக்கீலின் வாயில் கிராம்பு அப்படியே நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். கட்சிக்காரர் கூரையைப் பார்த்தார்.

டோக்கன் அம்மா நல்ல சேதி சொல்கிற முகத்தோடு குமாஸ்தாவைக் கை காட்டினார்.

"பதினேழுன்னு நான் கூப்பிட்டதும் எழுந்து உள்ள போனவர் இவர்தான் சார். உங்க பல்லைத்தான் இவருக்குப் பிடுங்கியிருக்காங்க!"