இடது கதவும் ஃப்ரிட்ஜ் வாத்தும்

ஆபீஸில் முப்பது பேரை ஆட்டிவைக்கும் மேனேஜருக்கு வீட்டில் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு ராஜ்யம், கார் ஷெட். ஐம்பது வயதான கார் ஒன்று அங்கே கொலுவிருந்தது. அந்த ராஜ்யத்துக்கும் ஆபத்து வந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இரண்டு தையல் மிஷின்களைப் போட்டுக்கொண்டு தினமும் முழங்காலை இடித்துக்கொள்ளும் மனைவி, ஷெட்டைக் கேட்டுவிட்டாள்.

"வண்டி துருப்பிடிச்சு உதிருது. இடத்தைக் குடுங்க."

"துருவா? என் வண்டியிலயா? ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சியில கப் வாங்கறேன், பாரு!"

"அப்ப டிங்கர்கிட்ட விடுங்க. துருவை வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகரம் வெச்சு வெல்டிங் பண்ணுவாரு."

"எதுக்கு? நானே பண்ணுவேன்!"

"நீங்க ஓட்டையில பட்டி மாவைப் பூசி மெழுகிடுவீங்க."

"ஒரு பொட்டு பட்டி வெச்சாலும் ஷெட் உனக்கு. போதுமா?"

செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். இடது கதவின் அடியில் ஸ்குரூடிரைவரால் லேசாகத் தட்டினார். அது பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே பெயிண்ட் பளபளத்தது, பின்னால் தகரத்தைக் காணோம். துரு பொலபொலவென்று செருப்பில் கொட்டியது.

மேனேஜர் அக்கம்பக்கம் பார்த்தார். செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் திணித்தார். மேலே தாராளமாகப் பட்டி. தேய்த்து, பெயிண்ட் அடித்து, வண்டிக்கு உறையைப் போர்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் உறையைத் தூக்கக் கூடாது. பெயிண்ட் காயணும்!"

அந்த உத்தரவை மதித்து நடந்தவர் வீட்டிலேயே அவர் ஒருவர்தான்.

கண்காட்சியில் நடுவர் பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்தார். "பட்டி வெச்ச இடத்துல இது ஒட்டாது சார்" என்று விளக்கம் வேறு. காந்தம் இடது கதவுக்கு வந்தது. அடிப்பக்கம் இறங்கியது.

டக்! ஒட்டிக்கொண்டது.

"பிரமாதம்! வெல்டிங் தடமே தெரியல. யார் வேலை?"

"நானேதான் சார்!" என்றார் மேனேஜர். தன் கைராசிக்குப் பட்டியே இரும்பாகிவிட்டதென்று அவர் மனதார நம்பினார். கப் கைக்கு வந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது மனைவிதான். தட்டிவிட்டு, வேலை இருக்கிறதென்று முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

கப்பை முன்சீட்டில் உட்காரவைத்து, தெரு முழுக்க ஹாரன் அடித்தபடி மேனேஜர் வந்து சேர்ந்தார். ஷெட்டுக்குள் இரண்டு தையல் மிஷின்கள் இருந்தன. ஒன்றின்மேல் துருப்பிடித்த தகரத்துண்டு, அதில் ஒரு விரற்கடைப் பட்டி, பட்டிக்குப் பின்னால் போன மாதச் செய்தித்தாள். பக்கத்தில், வழக்கமாகச் சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வாத்துக் காந்தம்.

"அன்னிக்கே வாத்தை வெச்சுப் பார்த்தேன். தொப்புனு விழுந்துடுச்சு" என்றாள் மனைவி. "மறுநாள் நீங்க ஆபீஸ் போனதும் டிங்கர் வந்து வெட்டி எடுத்தாரு. புதுத் தகரம் வெச்சு, உங்க மிச்சப் பெயிண்டையே அடிச்சுட்டாரு."

"அன்னிக்கே இதைக் காட்டிக் கேட்டிருந்தா ஷெட்டைக் குடுத்திருப்பேனே!"

"அப்புறம் கப்பு? நாலு பேர் முன்னாடி உங்க மானம் போனா என் மானமும்தானே போகும்?"

மேனேஜர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, வண்டியை எங்க விடுறது?"

"வெளியில நிக்கட்டும். அதான் இப்ப துருவே இல்லையே! அந்தக் கப்பை இப்படிக் குடுங்க, பட்டன் போட்டு வெக்க டப்பா இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தேன்."