குழாய் அண்ணனின் ஹிப் ஹாப்

பெரிய சத்தம் கேட்டால் உலகமே காதைப் பொத்திக்கொள்ளும். குழாய் அண்ணன் மட்டும் செல்போனை நீட்டிப் பதிவு செய்வார். அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் அவருடைய மைக்செட்தான். கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

நாலைந்து வருடத்துக்கு முன்பு அவரை ஹிப் ஹாப் பிடித்துக்கொண்டது. பேய் பிடித்திருந்தால் கோடாங்கியிடம் கூட்டிப்போகலாம். இதற்கு யாரிடம் போவது? தெருவில் இருந்த விசைத்தறிப் பட்டறையின் ஜன்னலில் நின்று தறிச் சத்தத்தைப் பிடித்தார். அதையே தாளமாக வைத்து, தண்ணீர் லாரி வராத கதையை மூச்சுவிடாமல் பேசினார். இன்னொரு பாட்டுக்கு, பாளையம்பட்டி டவுன் பஸ் கண்டக்டரின் “உள்ள போ, உள்ள போ”தான் பல்லவி. இப்படியே ஒரு முழு ஆல்பம் செய்து இணையத்திலும் ஏற்றிவிட்டார்.

பிறகு விமர்சனம் கேட்டு ஊரைச் சுற்றினார். டீக்கடையில் கேட்டவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். சலூன்காரர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, பாட்டை நிறுத்தினால்தான் அடுத்த கன்னம் என்றார்.

அண்ணன் அதற்கெல்லாம் அசரவில்லை. அவர் மனசில் இருந்த விமர்சகர் ஒரே ஒரு ஆள்தான், அவர் மனைவி முத்து அக்கா. அக்காவுக்கு அதே பட்டறையில் தறி ஓட்டும் வேலை.

“பகல் பூரா அந்தச் சத்தத்துலதான் கெடக்கேன். வீட்டுக்கு வந்தும் அதையே கேக்கணுமா?” என்று முதல் பாட்டிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கடைசிப் பாட்டு வரைக்கும் அக்கா ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அண்ணனின் ஆசை. அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் கேட்டால், வாயைத் திறக்க மாட்டார்.

இதற்கு நடுவே யாரோ ஒருவர் அந்த ஆல்பத்தைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார். ‘கரிசலின் தாகம் ஒலியாக உடைகிறது’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

“தம்பி, திட்டுறாகளா, பாராட்டுறாகளா?”

எனக்கும் விளங்கவில்லை. பாராட்டுதான் என்று சொல்லிவைத்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினார். தாகம் என்றால் தண்ணீர் பிடித்துவரச் சொல்லி, அக்கா கையில் குடத்தைக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பிவிட்டாராம்.

அப்புறம் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு காதுகுத்து வந்தது. நானும் போயிருந்தேன். அண்ணன் குழாயைப் பட்டறை ஜன்னலைப் பார்த்துக் கட்டி, சினிமாப் பாட்டுக்குப் பதிலாகத் தன் ஆல்பத்தைப் போட்டார். மூன்றாவது பாட்டில் ஒரு ‘டமார்’ வரும். ஓடுகிற தறியில், ஊடு நூலைச் சுமந்து குறுக்கே பாயும் நாடா சிக்கினால் எழும் சத்தம் அது. உடனே நிறுத்தாவிட்டால் பாவு நூல் கொத்தாக அறுந்துவிடும். அண்ணனுக்கு அந்தச் சத்தத்தின் மேல் தனிப் பிரியம். குழாயில் அது வெடித்ததும், பட்டறையில் இருந்த அத்தனை பேரும் தன் தறிதான் என்று பதறி சுவிட்சை அணைத்துவிட்டார்கள். குனிந்து குனிந்து தேடினார்கள். எந்தத் தறியிலும் நாடா சிக்கவில்லை.

தலையெல்லாம் பஞ்சோடு முத்து அக்காதான் முதலில் வெளியே வந்தார். “ரெண்டு பாட்டு ஒழுங்காத்தான போச்சு. மூணாவதுல எதுக்கு நாடாவச் சிக்க விட்டீக?”

அண்ணனுக்குப் பயமே இல்லை. “அப்ப மூணு பாட்டு கேட்டுட்டியா?”

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு பந்தல் நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்சத்தையும் போடச் சொன்னார். இன்னும் எங்கெங்கே கோளாறு இருக்கிறது என்று தெரியாமல் தறியை ஓட்ட முடியாதாம். பின்னாலேயே வந்த மற்றத் தறிக்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

கடைசிப் பாட்டில் பேச்சே கிடையாது. ஒரே ஒரு தறி, தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது நல்லா ஓடுதே. யாரு தறி?” என்று கேட்டார் அக்கா.

“ஒன் தறிதான், முத்து.”

அக்கா எழுந்து சேலையில் இருந்த பஞ்சைத் தட்டினார். பட்டறை வாசல் வரைக்கும் போனவர் நின்றார். “நாளைக்கு வந்து திரும்பப் பிடிங்க. புது நாடா போட்டிருக்கேன்.”

மூச்சுவிடாமல் பேசுகிற மனுஷன் தலையை மட்டும் ஆட்டினார். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.