பெலிஸ்தியனாக விழுந்து களைத்தேன், மாமா

அன்பும் அதற்கேற்ற உடம்பும் உள்ள மனுவேல் மாமா அவர்களுக்கு, கண்டியிலிருந்து மருமகன் டெரன்ஸ் இயேசுவின் பெயரால் வணக்கம் கூறி எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, தங்கச்சி ஷாமலா யாவரும் நலம். நான் மட்டும் ஒத்திகைக்கு ஒத்திகை செத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கோயில் விழாவில் தாவீது கோலியாத்தைக் கொல்லும் நாடகம் மாறாத வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். டவுன் பிள்ளைகள் இஸ்ரயேலர், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பெலிஸ்தியர் என்பதும் மாறாத வழக்கம். யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆறடி வளர்ந்த குற்றத்துக்காக வருஷா வருஷம் நான்தான் கோலியாத்து. பெலிஸ்தியர் என்பதைவிடப் பலிஸ்தியர் என்றால் பொருத்தம். சிமெந்துத் தரையில் விழுந்து விழுந்து என் முழங்கால் அப்பாவுக்கு முன்னமே பென்ஷன் எடுக்கும் போலிருக்கிறது. அதைக்கூடப் பொறுப்பேன். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஷாமலா, "நாங்க ஏன் எப்பவும் கெட்டவங்க பக்கம்?" என்று அழுது, ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வரமாட்டேன் என்கிறாள்.

அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று போனில் பெலிஸ்தியர் வரலாற்றைத் தேடினேன். அங்கே பிடித்தது சனி. மாமா, அவர்கள் கிரேத்தாத் தீவுக் கடற்பக்கமிருந்து கப்பலேறி வந்தவர்களாம். பைபிளே கப்தோர் என்ற தீவிலிருந்து வந்தவர்கள் என்கிறது. எகிப்து அரசன் அவர்களோடு சண்டை பிடித்து, அதைக் கோயில் சுவரில் செதுக்கியும் வைத்திருக்கிறான். பிறகு கடற்கரையோரம் ஐந்து பட்டணங்களில் குடியேறி, சட்டிபானையை மட்டும் பழைய ஊர்ப் பாணியில் செய்துகொண்டு இருந்திருக்கிறார்கள். அதில் ஒன்றான அஸ்கலோனில் எலும்பெடுத்துச் சோதித்தவர்கள், ஓரிரு நூற்றாண்டிலேயே வந்த இரத்தம் உள்ளூர் இரத்தத்தோடு கலந்து அடையாளம் தெரியாமல் போயிற்று என்கிறார்கள். ஆனாலும் எத்தனையோ காலம் கழித்துப் பைபிளைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர், 'வேற்று இனத்தார்'. போன ஞாயிறு பூசை முடிந்ததும், தாவீதாக நடிக்கிற கிஷானுடைய அம்மா, கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்த எங்கள் அம்மாவிடம், "கிறேஸ், நீங்க இந்தியாவில எந்த ஊரு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் நாடகம் பழக்குகிற சிஸ்டர் பிலோமினாவிடம் சொன்னேன். "நல்லது மகன். இது சோதனைப் பேப்பரில வருமா?" என்றார். வராது என்றேன். "அப்ப விழு."

சரி, வரலாற்று முறைப்படியாவது விழுவோம் என்று, அந்த எகிப்துச் சுவரில் பெலிஸ்தியர் தலையில் இருப்பதுபோல ஒரு நெட்டுக்குத்தான தலையணி செய்தேன். அது இறகா, நாணலா, விறைத்த முடியா என்று படித்தவர்களே இன்னும் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். நான் அம்மாவின் ஈர்க்குமாற்றை அவிழ்த்தேன். "அடேய் கோலியாத்து! வாசல இப்ப ஒங்கப்பனா கூட்டுவாரு?" என்று அம்மா மீதி ஈர்க்கோடு துரத்த, அப்படியே ஒத்திகைக்கு ஓடினால், கல்லுக்குப் பதிலாகக் கிஷான் எறிந்த காலுறை உருண்டை என்னைத் தாண்டிப் போய் ஃபாதரின் தேத்தண்ணிக்குள் விழுந்தது. "சிஸ்டர், கல்லு படல்லியே, விழவா?" என்றேன். "விழாத அண்ணா!" என்று ஷாமலா கத்த, பெலிஸ்தியர் உட்கார்ந்திருந்த வாங்கே எழும்பிக் கூச்சல் போட, சிஸ்டர் "விழுடா!" என்றார். விழுந்தேன். ஷாமலா வீடு வரைக்கும் எனக்கு முன்னே தனியாக நடந்தாள்.

ஆகவே மாமா, நீங்கள் சொன்னால் சிஸ்டர் கேட்பார். தெல்தெனியவில் பஸ் ஏறி வந்து, அவளை மட்டுமாவது இஸ்ரயேல் பக்கம் மாற்றித் தரச் சொல்லுங்கள். நான் கிடந்து சாகிறேன்.

அத்தைக்கும் உங்கள் சீனி வியாதிக்கும் என் அன்பான விசாரிப்புகள். மாதா உங்களையும் நீங்கள் ஏறும் பஸ்ஸையும் காப்பாராக.

சாகும்வரை, அதாவது ஞாயிறு மாலைவரை,
உங்கள் மருமகன்
டெரன்ஸ்

பி.கு.: மாமா, வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் ஒத்திகைக்குப் போனேன். யாரும் கேட்காமலே சிஸ்டர் ஷாமலாவுக்கு வெள்ளைச் சால்வை போட்டு, இஸ்ரயேலர் வாங்கில் உட்கார வைத்திருந்தார். கிஷானின் குறி இன்று தப்பவில்லை. நான் விழ, இஸ்ரயேலர் கைதட்டினார்கள். அவள் எழும்பி ஓடிவந்து, "தட்டாதீங்க! எங்க அண்ணன்!" என்று சால்வையைக் கழற்றி என் தலைக்கு அண்டைகொடுத்துவிட்டு, பெலிஸ்தியர் வாங்கில் போய் உட்கார்ந்தாள். சிஸ்டர் கூப்பிட்டார். "நான் இங்கதான் இருப்பேன். நீங்க வேணுன்னா வாங்க, சிஸ்டர்." சிஸ்டர் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை எழும்பச் சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.