பதிலளிப்பாளர் எண் ஏழு

"மாப்ள, ஏழாம் நம்பரு யாரு?"

காலை ஆறேகால் மணிக்கு மாமனார் மொக்கைச்சாமி போனில் கேட்ட முதல் கேள்வி இது. தூங்கி எழுந்தாச்சா, சாப்பிட்டாச்சா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. பேராசிரியர் மதன்குமாரின் வாய் நிறையப் பற்பசை நுரை.

"எந்த ஏழு, மாமா?"

"பேப்பர்ல போட்ருக்காகளே, அந்த ஏழு. இங்கன டீக்கடையில ஒருத்தன் சத்தம் போட்டு வாசிக்கிறான். கடையே என் காதப் பாத்துக்கிட்டு நிக்கிது."

மதன்குமாருக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது.

மதன்குமார் உத்தமபாளையம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு மேலாண்மை நடத்துகிறவர். மூன்று வருடம் வாழைக்காய் மண்டிகளில் அலைந்து, 'கம்பம் பள்ளத்தாக்கு மண்டிகளில் முடிவெடுப்பது யார்?' என்று ஆங்கிலத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். கட்டுரை வெளியாகிப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அவரையும் அச்சுப்பிழை திருத்தியவரையும் தவிர வேறொரு ஜீவன் அதைப் படித்ததற்குச் சாட்சியே இல்லை. அப்படிக் கிடந்த மனிதரை, நாளிதழ் நிருபர் சகாய பிரவீன் தானாகவே போனில் கூப்பிட்டு, "சார், உங்க ஆய்வப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றால் எப்படி இருக்கும்? ஒன்றரை மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டார். கட்டுரையை மொத்தமாக அனுப்பியும் வைத்தார்.

ஆய்வு சொல்வது இதுதான். மண்டியில் விலை பேசும்போது முதலாளி திடீரென்று, "இருங்க, கொச்சிப் பார்ட்டிகிட்ட ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்" என்று வெளியே போவார். இரண்டு நிமிடம் கழித்து ஒரு விலையோடு திரும்பி வருவார். கொச்சியுமில்லை, பார்ட்டியுமில்லை. பெரும்பாலான முதலாளிகள் பேசுவது வீட்டுக்காரம்மாவிடம். விலை அடுப்படியிலிருந்து வருகிறது.

இதில் தப்பொன்றுமில்லை. ஆய்வு நெறிப்படி யார் பெயரையும் அவர் போடவுமில்லை. பதிலளிப்பாளர் எண் ஒன்று, எண் இரண்டு என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் தகவல் முழுமையாக இருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறிப்பு கொடுத்திருந்தார். ஏழாம் எண்ணுக்கு நேரே இப்படி: 'வயது அறுபத்து மூன்று. சின்னமனூரில் மண்டி. இரண்டு காதிலும் சிவப்புக்கல் கடுக்கன். முப்பது வருடமாக மனைவியைக் கேட்காமல் ஒரு வாழைத்தாரைக்கூட விற்றதில்லை. மருமகன் கல்லூரிப் பேராசிரியர்.'

"ஞாயித்துக்கெழம மண்டிச் சங்கத் தேர்தல், மாப்ள. மூணு தடவ தலைவரா இருந்தவன் நான். இந்தத் தடவ தோத்தேன்னு வைங்க, மார்க்கெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். பொட்டியக் கட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கே வந்துர்றேன். நீங்கதானே வழி பண்ணிக் குடுத்தீக!"

போன் வைக்கப்பட்டது. மதன்குமார் அப்படியே குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

தேனியில் அவர் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, பின்னால் எட்டுக்குப் பத்தில் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைதான் அவருடைய ஆய்வறை, அவருடைய ராஜ்ஜியம். போன பொங்கலுக்கு மாமனார் நாலு நாள் அங்கே தங்கினார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து காறுவார். செய்திச் சேனலை முழுச் சத்தத்தில் வைத்துச் செய்தி வாசிக்கும் பெண்ணோடு சண்டை போடுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து, "என்ன எழுதுறீக மாப்ள? இன்னுமா முடியல?" என்பார். நாலு நாளில் மதன்குமார் எழுதியது ஒன்றரை வரி. மனுஷர் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால்?

"அந்தக் கடுக்கன எதுக்குங்க எழுதுனீக?" என்றாள் மனைவி வேல்விழி, தோசைக்கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஆய்வுன்னா விவரம் வேணும்ல."

"அப்ப மூக்கு மேல இருக்குற மச்சத்தையும் எழுத வேண்டியதுதானே?"

"அது பின்னிணைப்புல இருக்கு."

அன்றைக்கு அவருக்குத் தோசை கிடைக்கவில்லை.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸிலேயே நிருபரைப் போனில் பிடித்தார். "தம்பி, ஒரு மறுப்பு போடணும். ஏழாம் நம்பர் என் மாமனார் இல்லைன்னு தெளிவாப் போட்டுருங்க."

"அதுக்கென்ன சார், நாளைக்கே போட்டுர்றேன்."

சொன்னபடி செய்துவிட்டான் பாவி. மறுநாள் நாலு பத்தி அகலத்துக்கு, 'ஏழாம் எண் என் மாமனார் அல்லர்: பேராசிரியர் விளக்கம்'. பக்கத்திலேயே மொக்கைச்சாமியின் படம், கடுக்கன் பளபளக்க. முதல்நாள் டீக்கடையில் பேப்பர் கேட்டவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த சங்கதி, இப்போது பேப்பரே படிக்காதவர்களுக்கும் தெரிந்துபோனது. மார்க்கெட்டில் அவரைப் பார்த்து, "வாங்க ஏழு, வீட்ல என்ன வெல சொன்னாக?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமியார் சங்கிலியம்மாளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார் மதன்குமார்.

"நீங்க ஏன் மாப்ள வெசனப்படுறீக?" என்றாள் அந்த அம்மாள், வழக்கமான நிதானத்தோடு. "படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும். பேப்பருன்னா நாலு பேரு படிப்பாக. டிவியில வந்து நீங்களே வெளக்கிச் சொல்லிட்டீகன்னா, ஊரு வாய மூடிரும்ல?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. வியாழக்கிழமை உள்ளூர் கேபிள் டிவியில் போய் உட்கார்ந்தார். பேட்டி எடுத்த ஜெசி என்கிற பெண் எடுத்த எடுப்பிலேயே, "பொண்டாட்டிகிட்ட கேட்டு வியாபாரம் பண்றது கேவலமா சார்?" என்றாள்.

"கேவலமே இல்லம்மா! அது பெருமை!" மாமனாரைத் தூக்கிவிட இதைவிட வாய்ப்பு ஏது? வகுப்பெடுக்கிற சுதியில் ஆரம்பித்தார். "வீட்டுப் பெண்கள் விலை சொல்ற மண்டியில சரக்கு அழுகறது பாதிக்குப் பாதி குறைவு. விவசாயிகள் கடை மாறிப் போறதில்லை. சண்டை சச்சரவு கிடையாது. என் ஆய்வுல அந்த மண்டிகள்தான் முன்னணியில இருக்கு."

"அப்படின்னா, ஏழாம் நம்பர் மண்டி நல்லா நடக்குறதுக்குக் காரணம்?"

"சந்தேகமே இல்லாம அந்த அம்மாதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிட்டது.

அந்தத் துண்டு வீடியோ இரண்டு மணி நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியது. மதன்குமாருக்கே அது ஒன்பது வாட்ஸ்அப் குழுக்களில் வந்து சேர்ந்தது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "ஊடகத்துல நம்ம கல்லூரி பேரு வந்துக்கிட்டே இருக்கு, வெரி குட்" என்று கை குலுக்கினார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் போலிருந்தது அவருக்கு.

"மாப்ள," என்றார் மொக்கைச்சாமி, அன்று சாயங்காலப் போனில். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒங்க பின்ரூமுல ஃபேன் இருக்கா?"

"மாமா, அவசரப்படாதீங்க! நான் நேர்ல வர்றேன்."

சனிக்கிழமை சின்னமனூர் மண்டிக்கே போனார். இனிப் பேச்சு உதவாது, நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். மாமனாரின் போனை வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினார். "இன்னிக்கு எல்லாரும் பாக்க, யாரையும் கேக்காம நீங்களே வெல சொல்றீங்க. ஒரே ஒரு தடவ. அதோட ஊர் வாய் அடங்கிரும்."

"சொல்லிருவமே!" என்று மீசையைத் தடவினார் மொக்கைச்சாமி.

கட்டப்பனையிலிருந்து வழக்கமாக வருகிற மலையாளத்து வியாபாரி வந்தார். நேந்திரன் தார்களைத் தட்டிப் பார்த்தார். சங்கத்துக்காரர்கள் இருபது பேர், வேலை எதுவும் இல்லாதவர்கள் போலச் சுற்றி நின்றார்கள்.

"எந்தா வில, சேட்டா?"

மொக்கைச்சாமி வாயைத் திறந்தார். மூடினார். தாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கால் தன்போக்கில் வாசல் பக்கம் நகர, மதன்குமார் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லுங்க மாமா. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க!"

"இந்தா... வந்துக்கிட்டே இருக்கு, மாப்ள."

அந்த நேரம் பார்த்து டிராயருக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் டிராயரை இழுத்து, போனை எடுத்து, ஸ்பீக்கரில் வேறு போட்டான்.

"என்ன, இன்னும் போன் வரல?" சங்கிலியம்மாளின் குரல் மண்டி முழுக்கக் கேட்டது. "கட்டப்பனைக்காரரு வர்ற நேரமாச்சே! நேந்திரன் கெலோ நாப்பத்திரெண்டு. அதுக்குக் கீழ எறங்கிறாதீக."

"சேச்சி பறஞ்ஞா மதி!" அக்கா சொன்னால் போதுமாம். மலையாளத்து வியாபாரி அங்கேயே பையைத் திறந்தார்.

சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மொக்கைச்சாமி மருமகனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தலும் வந்தது. மார்க்கெட் நடுவில் பந்தல் போட்டு, கை தூக்கி ஓட்டுப் போடுவதுதான் வழக்கம். மொக்கைச்சாமியின் பெயரைச் சொன்னதும், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. வெல சொல்றது அந்தம்மா. டிவியில சாரும் அதத்தான சொன்னாரு? நாம எதுக்கு நடுவுல ஒரு ஆள வச்சிக்கணும்? கடை லைசென்ஸும் அவுக பேர்லதானே இருக்கு?"

ஒரே கைதட்டல். சங்கிலியம்மாள் பெயரைச் சொன்னதும் கைகள் காடு மாதிரி எழுந்தன. கடைசியில் மொக்கைச்சாமி ஒருவர்தான் மிச்சம். அவர் பக்கம் எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க யாருக்குண்ணே?"

"இருங்க," என்று எழுந்தார் மொக்கைச்சாமி. "ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்."

இரண்டு நிமிடம் கழித்து வந்து அவரும் கையைத் தூக்கினார். சங்கிலியம்மாள் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். சங்கத்தையும் கடையையும் தானே பார்த்துக்கொள்வதாக, மைக் முன்னால் பிடித்த போனிலேயே சொன்னாள். "அவுக பாவம், ஒழச்சுக் களச்சுட்டாக. மக வீட்ல கொஞ்ச நாளைக்கு நிம்மதியா இருக்கட்டும்."

அன்று மாலையே தேனி வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து மொக்கைச்சாமி இறங்கினார். பின்னாலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு பெரிய டிவி, பாலிஷ் வாசம் இன்னும் போகாத ஒரு புத்தம்புதுத் தேக்குக் கட்டில். மண்டியில் மூட்டை தூக்கும் சுருளிவேல் எல்லாவற்றையும் இறக்கினான்.

"பின்ரூம் எங்கன இருக்கு, சார்?"

மதன்குமாருக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. "கட்டில் உள்ள போகாதுப்பா. ஒரு பக்கம் என் மேஜை, இன்னொரு பக்கம் புத்தக அலமாரி. நடுவுல இடமே கிடையாது. பேசாம திருப்பிக் கொண்டுபோயிரு."

"போகும் சார்," என்றான் சுருளிவேல்.

போனது. மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில், ஒரு பக்கமும் இடிக்காமல், ஒரு விரல் இடம்கூட வீணாகாமல், கட்டில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மொக்கைச்சாமி அதன்மேல் உட்கார்ந்து டிவியைப் போட்டார். செய்தி வாசிப்பவள் அலறினாள். "வாயப் பாரு இவளுக்கு!" என்று மாமனார் பதிலுக்கு ஆரம்பித்தார்.

மதன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலையே வெறித்துப் பார்த்தார். "என்ன அநியாயம்டா இது? எப்படி இவ்வளவு சரியா இருக்கு?"

"சரியா இல்லாம எப்படி சார்?" என்று துண்டால் முகத்தைத் துடைத்தான் சுருளிவேல். "பேப்பர்காரத் தம்பிகிட்ட ஒங்க போன் நம்பரக் குடுத்துட்டு வாடான்னு அம்மா என்னைய அனுப்புன அன்னைக்கே, ஆசாரிகிட்டயும் இந்த ரூமு அளவச் சொல்லி விட்டுட்டாக."