சிவப்பு ஸ்டிக்கரின் சக்தி

கடை திறப்பது பத்து மணிக்கு. வரிசை ஏழு மணிக்கே நின்றது. மடிக்கணினியை மார்போடு அணைத்தவர்கள், கேம் கன்சோலைப் போர்வையில் சுற்றிக் காய்ச்சல்காரக் குழந்தையைப் போல் ஏந்தியவர்கள், பழுதே இல்லாவிட்டாலும் எதற்கும் ஐயாவிடம் ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று வந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவன் நான். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவன். இப்போதே சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

உள்ளே டிஸ்க் ஐயா. மற்ற கடைக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள். ஐயா அதற்கு வைத்தியம் பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றி, கண்ணை மூடி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். "அழுவுது" என்பார். நமக்கும் அழுகை வரும்போல் இருக்கும். பழைய நினைவுகளின் துக்கம் தேங்கியதால்தான் மெஷின் மெதுவாக ஓடுகிறதாம். பழைய டிஸ்க்கை அவருடைய இரும்பு அலமாரியில் நாற்பது நாள் ஆறவிட வேண்டும். அதில் இருப்பதைப் பிறகுதான் புதியதற்கு மாற்றலாம். அதுவரை ஓட, சக்தி ஏற்றிய புத்தம்புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, மூடியின் திருகு மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். கிழித்தால் சக்தி போய்விடும். அலமாரியில் இருப்பதும் அழிந்துவிடும். நாற்பது நாள் கழித்துப் போய்க் கேட்டால், "இன்னும் ஆறல" என்பார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. துக்கத்தை அவசரப்படுத்த யாருக்கு மனசு வரும்?

என் பங்குக்கு ஆறு பேரைக் கூட்டிவந்து சேர்த்தேன். ஆறாவது ஆள் என் அக்கா. அத்தான் இறந்து இரண்டு வருடம். அவர் பேசுகிற ஒரே வீடியோ அவளுடைய பழைய மடிக்கணினியில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. போனவர் குரல் உள்ளேயிருந்து இழுப்பதால்தான் மெஷின் திணறுகிறது என்றார் ஐயா. அக்கா டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஐம்பது நாள் ஆயிற்று. ஆறவில்லை.

என் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரிந்ததும், என் பர்ஸில் நான் வைத்திருந்த ஐயாவின் படத்தை வாங்கிப் பார்த்தாள். கரண்டே கொடுக்காத டிஸ்க் எப்படி அழும் என்று கேட்டாள். இந்த மனுஷன் ஏன் ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனையைப் பின்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார் என்றும் கேட்டாள். நம்பிக்கை வேண்டும் என்றேன். வேறென்ன சொல்வது?

"நம்புங்க, யார் வேணாம்னா? எங்க வார்டுல எல்லாரையும்தான் நம்பறோம். இருந்தாலும் குழந்தை பொறந்ததும் மாறிடக் கூடாதுன்னு கையில பேர் எழுதின பட்டை கட்டிடறோம்ங்க."

சொல்லிக்கொண்டே என் சட்டைப் பையில் இருந்த, கண்ணாடிக் காம்பு முடுக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரை உருவினாள். ஐயாவிடம் இன்னும் போகாத என் கடை மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் பிரதி எடுத்துவிட்டு, அதைக் கவிழ்த்து நாலு திருகைக் கழற்றினாள். டிஸ்க்கின் ஓரத்தில் ரோஸ் நிற நகப்பூச்சால் மூன்று புள்ளி வைத்து, ஊதிக் காயவைத்து, திரும்ப மாட்டினாள். மெஷின் எப்போதும்போல் ஓடியது.

திங்கட்கிழமை அதை ஐயாவிடம் கொடுத்தேன். கேட்டார். அழுததாம். அலமாரிக்குப் போனது.

புதன்கிழமை, மனைவியோடு வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு பழைய மடிக்கணினியோடு போய், என் டிஸ்க்கின் கொள்ளளவையே சொல்லி, சக்தி டிஸ்க் போட்டுக்கொண்டார். அக்காவும் நாங்களும் பின்னாலேயே நின்றோம். ஐயா ஸ்டிக்கரை ஒட்டிக் கையை எடுப்பதற்குள் மனைவி அதை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். வரிசையே பின்வாங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் இரண்டடி பின்வாங்கினேன்.

எதுவும் வெடிக்கவில்லை. நாலு திருகு. மூன்று ரோஸ் புள்ளி.

"இது திங்கட்கிழமை எங்க வீட்டுக்காரர் கொடுத்தது," என்றாள். "ரெண்டே நாள்ல ஆறிடுச்சா?"

"சில டிஸ்க்குக்குத் தானா இடம் மாறுற சுபாவம் உண்டு சிஸ்டர்," என்றார் ஐயா.

ஓட்டிப் பார்த்தோம். சுத்தமாகத் துடைத்திருந்தது, என் கோப்பு ஒன்றுகூட இல்லை. என்னுடையதைத் துடைக்க இரண்டு நாள் போதுமென்றால் அக்காவுடையதற்கு ஐம்பது நாள் கிடைத்திருக்கிறதே. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சாவி," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. ஐயா வாசலைப் பார்த்தார். வாசலை நிறைத்துக்கொண்டு டிரைவர் நின்றார். சாவி வந்தது.

ஊரின் துக்கமெல்லாம் ஆறிக்கொண்டிருந்த அலமாரியில் ஒரு டிபன் டப்பாவும் ஐந்தாறு டிஸ்க்கும்தான் இருந்தன. மற்ற துக்கங்கள் விற்றுப்போயிருந்தன. அடித்தட்டில், தூசிக்குள், அக்காவுடையது. துடைக்கப்படவில்லை. இந்தக் காலத்தில் எவனும் வாங்காத அளவுக்குச் சின்ன டிஸ்க் என்பதால் ஐயா அதைத் தொடவே இல்லை. அது திணறியதும் அதனால்தான். நிரம்பி வழிந்தது, அவ்வளவுதான்.

மனைவி அதைக் கேபிளில் மாட்டினாள். திரையில் அத்தான் முறைத்தார்.

"எதுக்குடி இப்ப வீடியோ? போய் ஃபேனை அணை, ஆளில்லாத ரூம்ல ஓடுது."

அக்கா சிரித்தாள். அப்புறம் அழுதாள். அத்தனை நாளில் அந்தக் கடையில் நிஜமாகவே அழுதது இரண்டு பேர்தான். இன்னொருவன் யாரென்று சொல்லத் தேவையில்லை.

ஐயாவைப் போலீஸ் கூட்டிப்போனது. மறுநாள் வரிசைக்காரர் ஒருவர் என் கடைக்குள் வந்து, ரகசியமாகக் கேட்டார்: "அவர் ஃபிராடாவே இருக்கட்டும். எனக்கு ஒட்டின ஸ்டிக்கர்ல மட்டும் சக்தி இருக்குமில்ல?"

அவரிடம் அந்தக் குட்டி ஸ்குரூ டிரைவரை நீட்டினேன். பதினைந்து வருடமாக என் பையிலேயே இருந்தது. நானும் முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன். டிஸ்க்குக்காவது ஒருவன் ஸ்டிக்கர் ஒட்டிப் பூட்டினான். நம் தலைமேல் எவனும் எதையும் ஒட்டவில்லையே, அதைத் திறக்க என்ன பயம்?