நாற்பத்தொரு சிவப்புக் குண்டூசிகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, சென்ற ஆண்டு எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் 'மக்கள் பங்கேற்புக்கான டிஜிட்டல் திறன் பயிற்சி மைய'த்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டுக்கும் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. மூன்றாவதற்கு நான்.

அதற்கு முன்னால் தபால் பிரிவில் உறைகளின் மேல் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இயக்குநரின் கைப்பேசியில் எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டன. அலுவலகமே பதறியது. நான் போய் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். மறுநாள் காலை நான் 'முதன்மை டிஜிட்டல் பயிற்றுநர்'. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. முத்திரை குத்திய கை அது; இனி குண்டூசி குத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

குண்டூசி என்றால் நிஜக் குண்டூசி இல்லை. எங்கள் செயலியைத் திறந்தால் ஊரின் வரைபடம் வரும். குடிமக்கள் ஓர் இடத்தைத் தொட்டுக் குண்டூசி குத்தலாம். பச்சை என்றால் 'இங்கே ஒன்று வேண்டும்'. சிவப்பு என்றால் 'இங்கே இருப்பதை அகற்றுங்கள்'. அலுவலர்கள் எண்ணிப் பார்த்து ஊரைத் திருத்தியமைப்பார்கள். இடையில் யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பங்கேற்பு என்பது இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது.

முதல் வகுப்புக்கு நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் என் அக்கா.

அக்காவுக்கு மருத்துவமனைச் சாலையில் தையல்கடை. கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம். செவிலியர்கள் பேருந்தைவிட்டு இறங்கியதும் சீருடைத் துணியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். திரும்பிப் போகும்போது அளவு பார்த்து வாங்கிக்கொள்வார்கள். அக்காவின் இடது முழங்கால் இருபது வருடம் தையல் இயந்திரத்தை மிதித்துத் தேய்ந்தது. பேருந்தைவிட்டு இறங்கினால் பன்னிரண்டு எட்டு, கடை. பதின்மூன்றாவது எட்டுக்கு அந்த முழங்கால் உத்தரவாதம் தருவதில்லை. வெயிலுக்கும் மழைக்கும் அந்த நிறுத்தத்துக்கு ஒரு கூரை வேண்டும், இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். இதைக் கேட்கத்தான் கடையை அரை நாள் பூட்டிவிட்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள்.

"லிஃப்ட் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆப்ல பதிவு பண்ணாதான் வரும்."

"ஆப்பை எங்க கத்துக் குடுப்பீங்க?"

"மூணாவது மாடியில."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

வகுப்பைப் பற்றி நானே புகழ்ந்து சொல்வது முறையல்ல. சிறப்பாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். முதல் ஒரு மணி நேரம் கைப்பேசியை எப்படிப் பிடிப்பது என்று விளக்கினேன். அறையில் இருந்த எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றாலும், அதுவரை முறையான பயிற்சி இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு குண்டூசி. பழகிப் பார்க்கத் தனி வரைபடம் வேண்டும் என்று நான் முன்பே கேட்டிருந்தேன். "மக்கள்கிட்ட பொய்யான வரைபடத்தக் காட்டச் சொல்றீங்களா?" என்று இயக்குநர் வருத்தப்பட்டார். ஆகவே நிஜ வரைபடத்திலேயே பழகுவது என்றும், வகுப்பு முடிந்ததும் பழகிய குண்டூசிகளை நான் பிடுங்கிவிடுவது என்றும் முடிவானது. பிடுங்குவது எப்படி என்பது பயிற்றுநர்களுக்கான இரண்டாம் கட்டப் பயிற்சியில் வரும். அந்தப் பயிற்சிக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

எந்த இடத்தில் குத்திப் பழகுவது? ஊரில் எனக்கு வரைபடம் பார்க்காமலே தெரிந்த இடம் ஒன்றுதான். அக்கா கடைக்கு எதிரே உள்ள நிறுத்தம். எந்த நிறம்? செயலியைச் சுவரில் ஒளி பாய்ச்சிக் காட்டியபோது பச்சைப் பொத்தான் ஓரத்தில் விழுந்தது. எங்கள் சுவரில் அந்த ஓரத்தில் ஈரக்கறை. சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. பயிற்றுநர் என்பவர் தெரிவதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

"எல்லாரும் மருத்துவமனைச் சாலை நிறுத்தத்தைத் தொடுங்க. சிவப்பை அழுத்துங்க. 'உறுதி'ன்னு வரும், அதையும் அழுத்துங்க."

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கை தூக்கினார். "தம்பி, அந்த ஸ்டாப்புலதானே நான் இறங்கி வந்தேன். அதை எதுக்கு எடுக்கச் சொல்லணும்?"

"சும்மா பழகத்தான் அய்யா. வகுப்பு முடிஞ்சதும் நானே பிடுங்கிடுவேன்."

"முப்பத்தாறு வருசம் லெட்டர் குடுத்தவன் நான். பழகறதுக்காக யார் வீட்டுக்கும் ஒரு லெட்டர் குடுத்ததில்ல."

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். பழைய தலைமுறைக்குத் தொழில்நுட்பத்தின் மேல் இருக்கும் அச்சத்தை எங்கள் பயிற்சிக் கையேட்டின் பதினோராம் பக்கம் விவரிக்கிறது. அவர் கைப்பேசியை வாங்கி நானே அழுத்திக் கொடுத்தேன்.

அக்காவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. ஊசியில் நூல் கோர்க்கும்போது தயங்காத விரல். "டேய், இது என் ஸ்டாப்புடா" என்றாள் மெல்ல.

"அதனாலதான் அக்கா. தெரிஞ்ச இடத்துல பழகினா மறக்காது."

அவள் விரலைப் பிடித்து வைத்து அழுத்தவைத்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று திரை சொன்னது. சிறந்த பயிலுநர் என்று அவளுக்குக் கைதட்டச் சொன்னேன்.

"சரி, நான் கேக்க வந்தத எப்படா கேக்கறது? கூரை, பெஞ்சு."

"அது பச்சை அக்கா. பச்சை அடுத்த வகுப்புல."

அடுத்த வகுப்பு திட்ட அலுவலர்களுக்கு. மக்கள் குத்தத் தெரிந்துகொண்டால் போதுமா, அலுவலர்களுக்குப் பார்க்கத் தெரிய வேண்டாமா? ஏழு அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தேன். "சிவப்பு எங்க நெறைய இருக்கோ அங்க மக்கள் கொதிச்சுப் போயிருக்காங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தேன். ஏழு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அவர்களில் துடிப்பானவர் சாலைப் பிரிவுத் திட்ட அலுவலர். மறுவாரமே என்னைத் தேடி வந்தார். ஊர் முழுக்க வரைபடத்தில் ஐம்பத்து மூன்று குண்டூசிகள்தான் இருந்தன. அதில் நாற்பத்தொன்று ஒரே இடத்தில், ஒரே நிறத்தில், ஒரே பத்து நிமிடத்தில்.

"பாத்தீங்களா சார், பொங்கிட்டாங்க. ஒருத்தர்கூட பச்சை குத்தல. இப்படி ஒரு ஒத்துமைய நான் படிச்ச பாடத்துலகூடப் பார்த்ததில்ல."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தீங்கன்னா..." என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "நேர்ல போனா அங்க இருக்கறவங்க எதாவது சொல்லுவாங்க. நம்ம மனசு ஒரு பக்கம் சாஞ்சுடும். டேட்டா கெட்டுப் போயிடும் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கையேட்டின் இருபத்து நான்காம் பக்கம். மாணவர் அதை வரி மாறாமல் ஒப்பிக்கும்போது ஆசிரியனுக்கு வருகிற பூரிப்பு எனக்கும் வந்தது. அந்தப் பூரிப்பில் மிச்சத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் நிறுத்தத்தின் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'பொதுமக்களின் ஒருமனதான விருப்பத்திற்கிணங்க' நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்படும். நடந்தால் இருபது நிமிடம். அக்காவின் முழங்காலோடு நடந்தால், எப்போது போய்ச் சேருவாள் என்று சொல்ல எங்கள் செயலியில் வசதி இல்லை.

மாலையில் கடைக்குப் போனேன். அக்கா இயந்திரத்தை மிதிக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"யாருடா அந்தப் பொதுமக்கள்?"

"எல்லாரும் சேர்ந்துதான்..."

"பேரச் சொல்லு."

"பேர் வெளியிடக் கூடாதுக்கா. தனியுரிமை."

"நான் குத்தினேன். அந்தத் தபால்காரர் போன வாங்கி நீயே குத்தின. மீதி முப்பத்தொம்போது பேரும் உன் மூஞ்சியப் பார்த்துக் குத்தினாங்க. பிடுங்கிடுவேன்னு சொன்னியே, பிடுங்கினியா?"

"அது இரண்டாம் கட்டப் பயிற்சியில..."

"நர்சம்மாங்க மூணு பேரு நேத்தே சொல்லிட்டாங்க. பாலத்துக்கு அந்தாண்ட இறங்கினா அங்கயே ஒரு டெய்லரப் பாத்துக்குறாங்களாம். நான் என்ன தப்பு சொல்ல முடியும் அவங்கள? நான் மட்டும் எப்படி வருவேன் தினம்?"

ஆட்சேபம் தெரிவிக்க வழி இருக்கிறது என்று தைரியம் சொன்னேன். அவள் கைப்பேசியை வாங்கி நிறுத்தத்தைத் தொட்டேன். 'இந்த இடம் குறித்து நீங்கள் ஏற்கெனவே கருத்துத் தெரிவித்துவிட்டீர்கள். ஒருவருக்கு ஒரு கருத்து. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்றது திரை. எவ்வளவு நியாயமான ஏற்பாடு. ஒரே ஆள் மனத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஊரை எப்படித் திட்டமிடுவது?

"அப்ப ஆளா வந்து சொல்றேன்" என்றாள் அக்கா.

வந்தாள். மறுபடி மூன்று மாடி. இறுதி ஒப்புதல் கூட்டத்தில் இயக்குநர் நடுவில், திட்ட அலுவலர் வலப்பக்கம், கணினியோடு நான் இடப்பக்கம். அக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். குடிமக்கள் நேரில் வருவார்கள் என்று யாரும் எதிர்பார்க்காததால், அது பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்த நாற்காலி.

"நாங்க யாரும் அதை எடுக்கச் சொல்லல சார்" என்றாள் அக்கா. "வகுப்புல பழகிப் பார்த்தோம். அவ்வளவுதான்."

திட்ட அலுவலர் திரையைக் காட்டினார். "ஆனா நீங்களே குத்தியிருக்கீங்கம்மா. மூணாவது குண்டூசி உங்களோடது."

"சொல்லிக் குடுத்தவன் இங்கதானே உக்காந்திருக்கான். கேளுங்க."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். அவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை.

"கேக்க வேண்டியதுதான். செயலியிலேயே கடைசியா அதுக்கு ஒரு கேள்வி இருக்கு. 'இவை பயிற்சிக்கான பதிவுகளா?' ஆம்னா நாற்பத்தொண்ணும் போயிடும், ஸ்டாப் அங்கயே இருக்கும். ஊர்ல மொத்தமே பன்னெண்டு கருத்துதான் வந்திருக்குன்னு ஆகும். அப்புறம் இந்த மையம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. மூடிடலாம். நீங்க தபால் பிரிவுக்கே போயிடலாம், உங்க பழைய மேசை காலியாத்தான் இருக்கு. உங்களுக்கு எந்த நெருக்கடியும் இல்ல. மனசாட்சிப்படி அழுத்துங்க."

திரையில் கேள்வி வந்தது. கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. இந்த அறைச் சுவரில் ஈரக்கறை இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி இதமாகச் சுற்றியது.

அக்கா முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் 'இல்லை'யை அழுத்தினேன். 'உறுதி' என்று கேட்டது. அதையும் அழுத்தினேன்.

"பிரமாதம்" என்றார் திட்ட அலுவலர்.

அக்கா எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "நல்லா பழகியிருக்கான் சார்" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, படியைப் பார்த்து மெதுவாக நடந்தாள்.

எங்கள் மையத்தின் தரத்தைப் பற்றி இன்றும் சிலர் சந்தேகம் கிளப்புகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த நிறுத்தம் போவதற்கு மொத்தம் நாற்பத்திரண்டு பேர் பொத்தானை அழுத்தினோம். அவர்களில் நாற்பத்தொரு பேருக்கு, தாங்கள் எதை அழுத்துகிறோம், அதனால் என்ன ஆகும் என்பது தெரியாது. முழுப் பயிற்சி பெற்றவன் நான் ஒருவன்தான்.