கிளம்பிவிட்டது கீல்

டங் என்று ஒரு சத்தம். ஓடிக்கொண்டிருந்த பாய்மரப் படகு அப்படியே நின்றது. நைஜலின் மனைவி மோரீனின் மடியில் தேநீர் கொட்டியது.

"என்னத்த உடைச்சே?"

"கீல் கேபிள் அறுந்துடுச்சு," என்றான் நைஜல். "மத்தவங்க வளைவைச் சுத்தி வர்றதுக்குள்ள சேத்து மேட்டு மேல குறுக்கால போயிடலாம்னு பலகையைத் தூக்கி வச்சிருந்தேன். தொபுக்கடீர்னு இறங்கிடுச்சு."

கீல் என்பது படகின் வயிற்றுக்கடியில் கேபிளால் ஏற்றி இறக்குகிற கனத்த இரும்புப் பலகை. எசெக்ஸ் கழிமுகச் சேற்றில் சுகமாகப் புதைந்துகொண்டது.

பதினோரு வருஷமாக கிளப் பந்தயத்தில் கடைசி இடம் நைஜலுக்குத்தான். அதற்குப் போட்டியே கிடையாது. இந்தத் தடவையும் கடைசி என்றால் படகை விற்றாக வேண்டும் என்று மோரீன் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

"ஈஸ்டர்லேருந்து கேபிளை மாத்து, மாத்துன்னு கத்தறேன்."

"இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு நெனச்சேன்."

"நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குது."

நைஜல் உள்ளே தவழ்ந்து போய், கீல் பெட்டிக்குள் தலையை விட்டான். கோட் மாட்டும் கம்பியை வளைத்து அறுந்த முனையைத் துழாவினான். கம்பி உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் போன இடுக்கியும் விழுந்தது. இடுக்கியைத் தேடப் போன டார்ச்சும் விழுந்தது.

"இன்னும் என்ன பாக்கி?" என்றாள் மோரீன்.

"என் கண்ணாடி." பளக் என்று ஒரு சத்தம். "அதுவும் போச்சு. மத்த படகெல்லாம் எங்க?"

அவள் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "ஒருத்தரையும் காணோம்."

அவ்வளவு தூரம் முந்திவிட்டார்களா! நைஜல் பாய்க் கயிற்றை உருவினான். பாய் சரிந்து மோரீனை முழுசாக மூடியது.

"நைஜல்."

"இரு செல்லம்."

"இருட்டா இருக்கு நைஜல்."

பலகையில் கட்டி இழுத்ததும் பாய்க் கயிறும் பட்டென்று அறுந்தது. கடைசியில் நங்கூரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் தடிக் கயிற்றைப் பலகையின் ஓட்டையில் கோத்து, வின்ச் என்கிற கயிறு சுற்றும் உருளையில் சுற்றி, மூச்சைப் பிடித்துச் சுழற்றினான். படகு முனகியது. சேறு மனசே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. பலகை மேலே வந்துவிட்டது. நைஜலுக்கு அழுகையே வந்தது. பாய்க்கு அடியிலிருந்த மோரீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

படகு மிதந்தது. மிதந்து, பின்னால் போக ஆரம்பித்தது.

காற்று எப்போதோ செத்துப்போயிருந்தது. பந்தயமோ கடலை நோக்கி; ஏறி வரும் கடல் நீர் படகை வந்த வழியே ஆற்றுக்குள் தள்ளியது. வளைவு வந்தது. அங்கே மற்ற ஒன்பது படகுகளும், நீரோட்டம் பின்னால் அடித்துப் போகாதபடி நங்கூரம் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. நைஜலின் நங்கூரம் கயிறில்லாமல் காலடியில் கிடந்தது. ஒவ்வொரு படகாக அவனைத் தாண்டி முன்னால் போனது, நின்ற இடத்திலிருந்தே.

"எங்கப்பா கிளம்பிட்டே?" என்று ஒருவன் பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்டான்.

கடைசிப் படகையும் கடந்தபோது, பந்தய நடுவர் ஹம்ஃப்ரி தன் விசைப்படகிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"காத்து நின்னுட்டா ஆறு மணிக்கு எவன் முன்னால நிக்கிறானோ அவனுக்குத்தான் கோப்பை, ரெண்டு மணி நேரமா முன்னால நின்னவன், அஞ்சே முக்காலுக்கு எதுக்குய்யா கிளம்புனே?"